எட்டாவது ஆள்

மெர்பேங்க். ஞாயிறு, மாலை நாலு மணி.
சாப்பாட்டு மேசையில் நாற்பத்தொரு விடைத்தாள்,
ஆறிப்போன தேநீர், சிவப்புப் பேனா.
ரெஃபைனரிப் பக்கமிருந்து வரும் காற்று
ஜன்னல் வலையைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி மூன்று:
பின்னூட்டத்தின் இரு வகைகளை
உதாரணத்துடன் விளக்குக. நான்கு மதிப்பெண்.

முப்பது பேர் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள்,
நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி.
நான் விட்ட ஒற்று கூட
முப்பது தாளிலும் விட்டபடியே இருக்கிறது.
முழு மதிப்பெண் போட்டேன், வேறென்ன செய்ய.

அப்புறம் கோவாஷ்னியின் தாள்.

"உள்ளிருந்து வருவது:
கம்பைப் பிடித்திருந்த என் வலது தோள்
மூன்றாம் கால்பகுதியில்
இனி முடியாது என்றது.
வெளியிலிருந்து வருவது:
டயர் கடைக்காரர் சொன்னார்,
இன்னும் கொஞ்சம் மேலே தூக்கும்மா,
ஃபோன் நம்பர் மறையுது."

தேநீரை எடுத்தேன். குடிக்காமல் வைத்தேன்.

வலைப்பந்துக்கு ஏழு பேர்.
பெருமாள் டயர்ஸ் கொடுத்ததும் ஏழே பட்டை,
ஆரஞ்சு நிறம், துவைத்தால் சாயம் போகாத ரகம்.
ஆடும் இடத்தைச் சொல்லும் எழுத்து நகத்தளவு,
டயர் மட்டும் நெஞ்சை அடைத்துக்கொண்டு.
சென்டர் ஆடும் நோம்வுலா பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது
ஒரு டயர் உருண்டுபோவது போலிருக்கும்.
பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான்.

எட்டாவது ஆள் கோவாஷ்னி.
இசிபிங்கோ பள்ளியோடு ஆடிய அன்று
கடலிலிருந்து எழுந்த காற்றில்
பேனர் வேலிக்கம்பியில் நிற்கவில்லை.
ஒரு முனைக்குத் தூண் இருந்தது.
மறு முனைக்கு
யாரைக் கூப்பிட்டது?
நான்தான் கூப்பிட்டேன்.
"சும்மாதானே உக்காந்திருக்கே, வா."

கேள்வி ஐந்து:
வணிக நிறுவனங்களின் ஆதரவால்
பள்ளி விளையாட்டில் பங்கேற்பு
கூடுகிறதா, குறைகிறதா?

"கூடியது.
போன வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
இந்த வருஷம் நிற்கிறேன்."

குறும்பா, கோபமா?
எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
குண்டு குண்டாக, ஒரு அடித்தல் கூட இல்லாத எழுத்து.

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
உபகரணம், சீருடை, பயணச் செலவு,
ஊடக வெளிச்சம் என்று இருந்தது.
தோள் என்று எங்கும் இல்லை.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன படிவத்தில்
"பங்கேற்ற மாணவியர்" என்ற கட்டத்தில்
எட்டு என்று எழுதியவள் நான்.
பொய்யில்லை. எட்டுப் பேரும்தான் வியர்த்தார்கள்.
படத்திலும் எட்டுப் பேர் உண்டு,
ஒருத்திக்கு மட்டும் கழுத்துக்குக் கீழே
தள்ளுபடி விலை.

பத்து மாதம்.
நோம்வுலாவிடம் முழங்காலை மடக்கு என்றேன்,
ஷெரிகாவிடம் மணிக்கட்டு என்றேன்,
தோற்ற அன்று எல்லோரிடமும்
பரவாயில்லை என்றேன்.
இவளிடம் என்ன சொன்னேன் என்று தேடினால்
அந்த ஒரு "வா"தான் கிடைக்கிறது.

நாலுக்கு நாலு போட்டேன்.
ஐந்தாம் கேள்விக்கும் முழுசாகப் போட்டேன்.
மறுமதிப்பீட்டில் யாராவது வெட்டலாம், வெட்டட்டும்.
ஓரத்தில் ஏதாவது எழுத வேண்டும்.
"நன்று" என்று எழுதினால் அது
இன்னும் கொஞ்சம் மேலே தூக்கும்மா என்பது போலத்தான்.
பேனா முனை தாளில் ஊன்றியே இருந்து
சிவப்புப் புள்ளி ஒன்று பெரிதாகிக்கொண்டு வந்தது.

அறைக்குள் வந்த என் மகன்
ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டே கேட்டான்,
"அம்மா, வீட்லயும் இதையா போட்டிருக்கே?"

டிராக்சூட்டைச் சொன்னான்.
பட்டையோடு சேர்த்து, பயிற்சியாளருக்கென்று
இலவசமாக வந்தது. நல்ல கதகதப்பு.

முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
படித்துச் சொன்னான்,
ஃபோன் நம்பர் உட்பட.